பைப்படியில் ஒரு புள்ளி

கார்த்திகா எழுதிய பைத்தான் புரோகிராம் ராஜபாளையத்துக் குப்பைக் கணக்கை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு வந்தது. வீட்டு கேட்டில் ஒட்டிய கியூஆர் ஸ்டிக்கரைத் தூய்மைப் பணியாளர் போனில் ஸ்கேன் செய்தால், எந்த வீடு, எந்த நேரம், எந்த இடம் என்பதெல்லாம் அவள் வேலை பார்க்கும் காண்ட்ராக்ட் கம்பெனியின் சர்வரில் விழும். முன்பு வார்டு வார்டாகத் திறந்து பார்த்துக் கண் பூத்துப்போகும். இப்போது ஒரு தட்டு, மேப்பில் புள்ளி புள்ளியாகச் சிந்தும். இடத்தையும் சேர்த்து எடுக்கலாம் என்பது அவளே போட்ட யோசனை. அதில் அவளுக்குப் பெருமை.

மேனேஜர் சௌந்தரபாண்டியன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெருக்களில் புள்ளிகள் பரவின. ஒரு தெருவின் வீடுகள் மட்டும் தெருமுக்குக் குழாயடியில், பைப்படியில், ஒரே புள்ளியாகக் குவிந்து கிடந்தன.

"இது யாரும்மா, நின்ன எடத்துலயே தெருவ அள்ளுத மகராசி?"

பெயர் முனீஸ்வரி. கார்த்திகாவைப் பெற்றவள். ஆபீசில் அது யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு வத்திராயிருப்பில் தென்னந்தோப்பு வேலை என்று சொல்லிவைத்திருந்தாள். தெரிந்தால் தண்ணிப் பானைப் பக்கம் அவளை விடமாட்டார்கள்.

மறுநாள் முனீஸ்வரியைக் கூப்பிட்டுவிட்டார்கள். சூப்பர்வைசர் வேல்பாண்டியும் வந்து நின்றான்.

"சார், குப்பைய ஒரு நாளும் விட்டதில்ல. வீட்டு கேட் கிட்டப் போனாத்தான் நாய அவுத்து விடுதாவ. நான் தொட்ட எடத்தக் கழுவி விடுதாவ. இந்தா நிக்காரே, இவருதான் அம்புட்டு ஸ்டிக்கரையும் காப்பி எடுத்துப் பலகைல ஒட்டித் தந்தாரு. பைப்படியில வச்சே ஸ்கேன் அடிச்சிட்டுப் போன்னாரு."

"யாரு, நானா? ஏட்டி, நாக்கு அழுகிரும்!"

முனீஸ்வரி சேலையைக் கெண்டைக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். நாய் கடித்த இடம் இன்னும் ஆறவில்லை. மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏம்மா கார்த்திகா, பலகை கிலகைன்னு நீ எதுவும் கேள்விப்பட்டியா?"

அந்தப் பலகையைப் பற்றி அம்மா சோற்றுத் தட்டுக்கு முன்னால் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். புரோகிராமில் இடத்தைச் சேர்த்தபோது அது கார்த்திகாவின் நினைப்புக்கு வரவில்லை. அந்தக் காலுக்கு மருந்து போட்டுவிடுகிறவளும் கார்த்திகாதான். சொல்லலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

"இல்ல சார்."

முனீஸ்வரி அவளைப் பார்த்தாள். பிறகு மேனேஜரிடம் திரும்பினாள்.

"மேடத்துக்கு என்ன சார் தெரியும்? அவிய ஆபீஸ்லயே இருக்கவிய."

போனையும் பச்சை யூனிபார்ம் கோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு முனீஸ்வரியை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். கள்ளத்தைக் கண்டுபிடித்த புரோகிராமுக்காக மேனேஜர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிவரச் சொன்னார். கார்த்திகாவுக்கு இரண்டு. தின்றாள். மற்ற வார்டுகளுக்கும் புரோகிராமை அன்றைக்கே ஓட்டச் சொன்னார். ஓட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். தட்டை வைத்துச் சோற்றைப் போட்டாள். கார்த்திகா வாயைத் திறக்கப் போனாள்.

"கொழம்பு ஊத்தட்டுமா மேடம்?" என்றாள் முனீஸ்வரி.