விரல் இல்லாத நாற்பத்தேழு பேர்

என் கட்சிக்காரர் டாக்டர் ஜெயப்பிரகாஷ், நாற்பத்தேழு பேருக்குக் கையில் விரலே இல்லை என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஆய்வுக்குழு மரக்காணத்துக்கு வந்து வீடு வீடாக எண்ணிப் பார்த்தது. நாற்பத்தேழு பேருக்கும் ஆளுக்குப் பத்து விரல் இருந்தது. இதை வைத்துக்கொண்டுதான் நான் அவரைக் காப்பாற்ற வேண்டும். இருபத்திரண்டு வருட வக்கீல் தொழிலில் இப்படியொரு கேஸ் வந்ததில்லை, இனி வரவும் வேண்டாம்.

நடந்தது இதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் எட்டுக் கட்டில் போட்ட ஆஸ்பத்திரி அவருடையது. காப்பீட்டு அட்டை இருப்பவர்களுக்கு ஆபரேஷன் இலவசம், செலவை அரசாங்கம் கொடுத்துவிடும். சேர்க்கும்போது நோயாளி ரேகை மெஷினில் விரல் வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால்தான் கம்ப்யூட்டரில் அடுத்த பக்கம் திறக்கும். உப்பளத்து ஆட்கள் வைத்தால் எரிவது சிவப்பு. பாத்தியில் உப்பை வாரி, கூடையில் அள்ளி, மூட்டை பிடித்து, அவர்கள் விரல் நுனி வழுவழுவென்று ஆகியிருக்கும். ரேகை இருந்தால்தானே பதியும்?

சிவப்பு எரிந்தால் கம்ப்யூட்டர் காரணம் கேட்கும். மூன்று பட்டன் காட்டும். விரல் இல்லை, கையில் கட்டு, நினைவு இல்லை. ரேகை தேய்ந்துவிட்டது என்று நான்காவதாக ஒன்று வைக்க அதைச் செய்தவருக்குத் தோன்றவில்லை. மனிதர் உப்பைச் சாப்பாட்டில் மட்டும் பார்த்தவர் போலிருக்கிறது. முதல் ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உருண்டபோது, கம்ப்யூட்டரில் இருந்த லீமா, "சார், எத அமுக்கறது?" என்று கேட்டிருக்கிறாள்.

"மொதல் பட்டன அமுக்கும்மா, ஆள் செத்துடப் போறான்" என்றிருக்கிறார் டாக்டர்.

அப்படித் தொடங்கியது நாற்பத்தேழில் வந்து நின்றது. ஒன்று, நோயாளிகள் பொய். இல்லையென்றால் சிகிச்சை பொய் என்றது நோட்டீஸ். விசாரணையில் தோற்றால் போலீஸில் மோசடிப் புகார் போகும். மருத்துவக் கவுன்சிலில் அவர் பெயரை எடுக்கச் சொல்லிப் பரிந்துரையும் போகும். ஐம்பத்து நான்கு வயதில் அவர் டாக்டர் இல்லை என்றாகிவிடும்.

நோட்டீஸ் வந்ததிலிருந்து மனிதர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. திண்டிவனத்தில் என் ஆபீசுக்கு வந்தாலும் நின்றபடிதான் பேசுவார். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடையாய் நடப்பார். "உட்காருங்க டாக்டர், எனக்கே தல சுத்துது" என்றால் உட்காருவார், அடுத்த நிமிஷம் எழுந்துவிடுவார். அந்த நமைச்சல் எனக்கும் தொற்றிக்கொண்டது. கோர்ட்டில் வேறு கேஸ் நடக்கும்போதுகூட என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நாற்பத்தேழு பேரில் ஐந்து பெண்களைக் கூட்டிவந்து மெஷினில் விரல் வைக்கச் சொன்னேன். ஐந்தும் சிவப்பு. அவர்களில் மூத்தவள் குப்பம்மாள். மே மாதம் டாக்டரிடம் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவள், முப்பது வருடமாக உப்பளத்து வேலை. மறுபடி மறுபடி அவள் விரலை வைத்துப் பார்த்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. எனக்கு ஒரே குஷி. அதிகாரி முன்னால் இதையே செய்து காட்டினால் ஐந்து நிமிஷத்தில் கேஸ் முடிந்தது. அக்டோபரில் விசாரணை வைத்தார்கள். புயல் என்று தள்ளிப்போட்டார்கள். நவம்பரில் அதிகாரிக்கு வெள்ள நிவாரண வேலை. கடைசியில் டிசம்பர் பதினொன்று, விழுப்புரம் என்று தேதி வந்தது.

முதல் நாள் சாயங்காலம் ஒத்திகை பார்க்க மரக்காணம் போனேன். சாலையின் இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர். பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டே போனேனே தவிர, அதில் எனக்கு ஒரு சேதி இருக்கிறது என்று மண்டையில் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து பெண்களும் தயாராக இருந்தார்கள். குப்பம்மாள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு மெஷினில் வைத்தாள்.

பச்சை எரிந்தது.

"ஐ, வந்துடுச்சு!" என்று அவள் கை தட்டினாள். "பொங்கப் பரிசுக்கு ரேஷன் கடையில நானே கை வெப்பேன். மத்த மாசம்லாம் மருமவ வந்து வெச்சாத்தான் அரிசி. இந்த ஒரு மாசந்தான் என் கைக்கு மரியாத."

மற்ற நான்கு பேரும் வைத்தார்கள். நான்கும் பச்சை. வழியில் பார்த்த தண்ணீர் அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"மழைக்கு வேல நின்னா ரேகை திரும்பி வந்துடும்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியுமே. வருசா வருசம் வர்றதுதான?"

"ஏம்மா, அப்ப எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலியேம்மா" என்றாள் குப்பம்மாள்.

உண்மைதான், நான் கேட்கவில்லை. ஊர் உலகத்தையே குறுக்கு விசாரணை செய்கிறவள், சாட்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபத்தை என்மேல் காட்டாமல் அவர்கள்மேல் காட்டினேன். "நாளைக்கு நீங்க வந்து விரல் வெச்சா டாக்டர் கத முடிஞ்சுது. பத்து விரலும் பளிச்சுனு இருக்கு, எல்லாம் பித்தலாட்டம்னு அதிகாரி எழுதிட்டுப் போயிடுவான். வராதீங்க, வீட்லயே கெடங்க" என்று கத்திவிட்டேன். ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். லீமாவைத் தனியே கூப்பிட்டு, அந்த நாற்பத்தேழு பேரும் மழைக்காலத்தில் எப்போதாவது ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்களா, வந்தபோது எந்த விளக்கு எரிந்தது என்று மூன்று வருடக் கணக்கை எடுத்துவரச் சொன்னேன்.

மறுநாள் காலை விழுப்புரத்தில் விசாரணை நடக்கும் ஆபீஸ் மாடிப்படியில், வரவேண்டாம் என்று நான் சொன்ன ஐந்து பேரும் நின்றிருந்தார்கள். கைகளை முந்தானைக்குள் மறைத்திருந்தார்கள். குப்பம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கவலப்படாதம்மா. வேலைய முடிச்சுட்டோம். இப்ப வெய்யி மெஷின, சவப்பு எரியுதா இல்லியான்னு பாரு."

கையை வெளியே எடுத்தாள். கல்லுப்பை ஈரத்தோடு அள்ளி, அம்மிக்கல்லில் வைத்து விரலைத் தேய்த்திருக்கிறார்கள். பத்து நுனியும் தோல் உரிந்து சிவந்திருந்தது. இரண்டு விரலில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. நான் கத்தியதற்கு அவர்கள் கண்டுபிடித்த பதில் இது.

டாக்டர் நடந்துகொண்டிருந்தவர் நின்றார். அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "எரியுதா?"

"பாத்திக்குள்ள எறங்குனா எரியாததா? உடு சார்."

"மேடம், இந்தக் கை உள்ள போகக் கூடாது" என்றார் என்னிடம். "விரல் இல்லன்னு பொய் எழுதுனவன் நான். இவங்க அந்தப் பொய்ய உண்மையாக்கப் பாக்கறாங்க. இத வெச்சு நான் ஜெயிக்க வேணாம்."

லீமாவை மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டு, அவள் கொண்டுவந்த தாள்களோடு மட்டும் நாங்கள் உள்ளே போனோம். அதிகாரி வயதில் சின்னவர், கெட்டிக்காரர். கெட்டிக்காரர்களைக் கண்டால் எனக்குப் பயம். தாள்களை நீட்டினேன். விரல் இல்லாத நாற்பத்தேழு பேரும் பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் நடுவில் வந்தவர்கள். மழை மாதங்களில் ஒருவர்கூட இல்லை. அவர்களில் பத்தொன்பது பேர் வேறு வருடத்தில் டிசம்பர், ஜனவரியில் காய்ச்சல் என்று வந்து படுத்திருக்கிறார்கள். பத்தொன்பதும் பச்சை.

"டிசம்பர்ல விரல் இருக்குது. மே மாசம் இல்ல. மறுபடி டிசம்பர்ல மொளைக்குதா மேடம்?"

"மொளைக்குது சார். விரல் இல்ல, ரேகை."

"அது உப்பாலதான்னு யார் சொல்றது? சாட்சின்னு அஞ்சு பேர் எழுதிக் குடுத்திருக்கீங்களே, எங்க?"

"சாட்சிய வாபஸ் வாங்கிக்கறேன் சார்."

"படியில நின்னாங்களே, அவங்கதான? ராஜவேல், பெரியவங்க யாரோ அவங்கள வரச் சொல்லு."

அந்த ஆபீஸ் கிளார்க் ராஜவேல் போய்க் குப்பம்மாளைக் கூட்டிவந்தார். அதிகாரி மெஷினை நகர்த்தினார். அவள் கையை நீட்டியதும் பின்வாங்கினார்.

"இன்னாம்மா இது? வேலையில தேஞ்சதா?"

குப்பம்மாள் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவள் சொல்லிவிடுவாள், மெஷினும் சிவப்பைக் காட்டிவிடும். ஆசையாக இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த உப்பளம் தண்ணீருக்குள் கிடந்ததை நேற்றுத்தான் பார்த்திருந்தேன். அதைவிட, பக்கத்து நாற்காலியில் டாக்டர் அன்றைக்கு முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வேலையில இல்ல சார்" என்றேன். "இப்ப வேலையே கெடையாது. நேத்து மெஷின் பச்ச காட்டிடுச்சு. நான் திட்டுனேன். அதுக்காக இவங்களே தேச்சுக்கிட்டாங்க. தப்பு என்னுது."

அதிகாரி மெஷினை ஓரமாகத் தள்ளினார். "எதுக்கும்மா?" என்று அவளிடம் கேட்டார்.

"டாக்டரு வேணும் சார்" என்றாள் குப்பம்மாள். "நெதம் பாத்தியில எறங்குனா மாசத்துல தானா தேஞ்சுடும். இப்ப எறங்க வழியில்ல. அதான் அவசரத்துக்கு."

அவர் அதையே வாக்குமூலமாக எழுதச் சொன்னார். உப்பளத்தில் எந்த மாதம் வேலை, எந்த மாதம் இல்லை, ரேகை எப்போது போகிறது, எப்போது வருகிறது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் மூன்று மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். எழுதி முடித்ததும் ராஜவேல், "கையெழுத்துப் போடுவியாம்மா?" என்றார். அவளுக்குத் தெரியாது. மைப்பெட்டியைத் தள்ளினார்.

குப்பம்மாள் இடது கட்டைவிரலை மையில் தொட்டுத் தாளில் அழுத்தினாள். பல்லைக் கடித்ததைப் பார்த்தேன். தாளில் ஒரு ஊதாத் திட்டுதான் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று வைக்கச் சொன்னார் ராஜவேல். அதுவும் திட்டு. வலது கையும் அப்படியே.

"சார், ரேகை விழலியே. காரணம் எழுதி நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் இந்தத் தாளு செல்லும். இன்னான்னு எழுதறீங்க?"

அதிகாரி பேனாவை எடுத்தார். உடனே எழுதவில்லை. குப்பம்மாளின் கையைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், பிறகு குனிந்து எழுதினார். தாளைத் தலைகீழாகப் படிப்பது என் தொழிலில் பாதி. 'விரல் ரேகை இல்லை. ஆள் நேரில் வந்தார். நான் பார்த்தேன்.'

"சார், அந்தப் பக்கத்துக்கு எனக்கு ஒரு நகல் வேணும்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியும் மேடம்" என்றார்.

சாயங்காலம் உத்தரவு கையில் வந்தது. போலீஸ் புகார் இல்லை, கவுன்சிலுக்குப் பரிந்துரை இல்லை. மே மாதம் உப்பளத்துக்கே மெஷினோடு வந்து பார்ப்பார்கள். அதுவரை ஆஸ்பத்திரியில் இலவசத் திட்டம் நிறுத்தம். டாக்டர் டாக்டராகவே இருக்கிறார்.

மற்ற நான்கு பேருக்கும் காலையிலேயே கட்டுப் போட்டாகிவிட்டது. குப்பம்மாள் மட்டும் உத்தரவு வரட்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து டாக்டர் அவள் விரல்களுக்கு மருந்து போட்டார். லீமா துணியைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, "இப்ப அட்மிஷன் போட்டா ரெண்டாவது பட்டன் சார், கையில கட்டு" என்றாள். குப்பம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"சார், ரேகை திரும்பி வர்றதுக்கு எத்தினி நாளு ஆவும்? பொங்கலுக்கு ரேஷன் கடையில கை வெக்கணுமே."

டாக்டர் தலை நிமிரவில்லை. கட்டின் முடிச்சை இறுக்கினார். "பொங்கலுக்குள்ள வந்துடும்மா."

அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.