திங்கட்கிழமைத் தலை

நல்லம்பள்ளியைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டி நின்ற அந்த மூளை ஆய்வு மையத்தில் எம்.ஆர்.ஐ. மெஷின் ஒன்றே ஒன்றுதான். அதற்குச் சொந்தம் கொண்டாடிய டாக்டர்களோ பலர். வலிப்பை ஆராய்பவர், தலைவலியை ஆராய்பவர், மறதியை ஆராய்பவர் என்று எல்லாருக்கும் நேரம் பிரித்துக் கொடுப்பது மலர்விழியின் வேலை. ஒருவருடைய நேரத்தை இன்னொருவர் பிடுங்கிக்கொண்டால் திட்டு வாங்குவதும் அவள்தான்.

திங்கட்கிழமை காலையை மட்டும் யாரும் கேட்க முடியாது. அது மையத்தின் எலக்ட்ரீஷியன் தீர்த்தகிரியின் நேரம். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வாரா வாரம் அவர் தலையைப் படம் எடுப்பார்கள். கணினி அதைப் பழைய படத்தோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. தலை மாறாது, ஆகவே சிவப்பு வந்தால் கோளாறு மெஷினில் என்பது இயக்குநர் மாதவராஜ் வகுத்த விதி. படத்தைத் திறந்து பார்க்கும் வழக்கம் ஆரம்பத்திலேயே நின்றுபோயிற்று. ஒரே தலையை எத்தனை தடவைதான் பார்ப்பது?

மாசியில் ஒருநாள் ஜெனரேட்டர் அறையின் இரும்பு ஷட்டரில் தீர்த்தகிரி மண்டையை இடித்துக்கொண்டார். மலர்விழி ஐஸ் வைத்துவிட்டாள். "ஷட்டருக்கு ஒண்ணும் ஆவலீங்களே?" என்று அவர் கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள்.

சில வாரம் கழித்துத் திரை சிவந்தது.

பெங்களூரிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். தலையில் மாட்டும் கூண்டை மாற்றினார்; குளிரூட்டியைக் குறை சொன்னார், கரன்ட்டைக் குறை சொன்னார். அடுத்த திங்களும் சிவப்பு. விதிப்படி எல்லா ஆய்வும் நின்றது.

"ஏம்மா மலர், என் பேஷன்ட்டெல்லாம் பொம்மிடியில ரயிலிறங்கி பஸ் புடிச்சு வந்து சும்மா திரும்பிப் போறாங்க. தலைவலிக்காரங்களத் தேடிப் பிடிக்கறது என்ன லேசா?" என்று டாக்டர் சுகுணா வராந்தாவில் புலம்பினார்.

ஏணிமேல் நின்று டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்த தீர்த்தகிரி குனிந்து பார்த்தார். "எனக்குக்கூட கொஞ்ச நாளா மண்டையிடிங்க மேடம். காலையில எந்திரிச்சா ஒரு பக்கமா..."

"நீங்க சும்மா இருங்க. நீங்க நார்மல் ஆளு. உங்களத் தலைவலியில சேத்தா என் ஆராய்ச்சி என்னாவறது?"

"செரிங்க மேடம்" என்றார் அவர், தப்புச் செய்துவிட்டவர் போல. கையிலிருந்த டெஸ்டர் நழுவி விழுந்தது. அன்று அது முதல் தடவையல்ல.

அதை எடுத்துக் கொடுக்கும்போதுதான் மலர்விழிக்கு அந்த யோசனை வந்தது. மெஷின் சரியாக இருந்து, தலை மாறியிருந்தால்? வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. பி.காம். படித்தவள் டாக்டர்களுக்குச் சொல்வதா? சொல்ல வேண்டியதை இரண்டு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், ஒருவேளை தீர்த்தகிரி அண்ணனோட தலை..."

"தலை எங்கம்மா மாறும்? மனுசன் படுக்கையில ஆடறான். வா, நான் படுத்துக் காட்டறேன்."

திறப்பு விழாவன்று எடுத்த மாதவராஜின் படம் ஒன்று கணினியில் இருந்தது. அவர் படுத்தார். பச்சை. "பாத்தியா? படுக்கறதுக்கும் ஒரு ஒழுக்கம் வேணும்" என்று பெருமையோடு இறங்கினார்.

அடுத்து தீர்த்தகிரி. இமைகூட அசையாமல் கிடந்தார். சிவப்பு.

"என்னால மெஷினுக்குக் கெட்ட பேருங்க சார். வேற ஆளப் போட்டுக்கோங்க." தீர்த்தகிரி படுக்கையிலிருந்து இறங்கினார்.

ஆள் மாறினால் பச்சை வந்துவிடும். அப்புறம் இந்தத் தலையை யாரும் பார்க்கப்போவதில்லை. மலர்விழி விடவில்லை. "சார், அண்ணன் ஆடினாருன்னு எழுதணும்னா ஆதாரம் வேணுமில்லீங்களா? ஆடியிருந்தா படம் கலங்கியிருக்குமே. ஒரு தடவை திறந்து காட்டிருங்க."

ஆதாரம் என்ற சொல் மாதவராஜுக்குப் பிடித்திருந்தது. திறந்தார். படம் கலங்கவே இல்லை. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு பிறை, மூளையை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டிருந்தது. புலம்பிக்கொண்டே பின்னால் வந்திருந்த சுகுணா திரைக்கு அருகே குனிந்தார்.

"ரத்தம். வண்டிய எடுக்கச் சொல்லுங்க. உடனே."

அன்றைக்கே சேலத்தில் மண்டையோட்டில் துளையிட்டு ரத்தத்தை வடித்தார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் நினைவே தப்பியிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். கட்டுப்போட்ட தலையோடு கண் விழித்த தீர்த்தகிரி, மலர்விழியிடம் கேட்ட முதல் கேள்வி: "அப்ப மெஷினுல கோளாறு இல்லீங்களே?"

"இல்லீங்கண்ணா."

"நான் ஆடவே இல்லைன்னு சார்கிட்டச் சொல்லிருங்க."

சொன்னாள். மாதவராஜ் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எலக்ட்ரீஷியன் உயிரைக் காப்பாற்றிய மெஷினின் துல்லியம் பற்றி அவர் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். ஆய்வுகள் மறுபடி ஓடின. ஒரே குறை, திங்கட்கிழமைக்குத் தலை இல்லை.

"உனக்குத் தலைவலி கிலைவலி இல்லியேம்மா?"

மலர்விழி கம்மலைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். கூண்டு முகத்தின் மேல் இறங்குமுன் கேட்டாள்: "சார், படத்தத் திறந்து பாப்பீங்களா?"

"பச்சை வந்தா எதுக்கும்மா?" என்றார் மாதவராஜ். "ஆடாமப் படு."