இரண்டு தட்டு

"மறுபடியும் தட்டினாரு. டாக்டரைக் கூப்பிடு, இப்ப வந்து பார்க்கச் சொல்லு" என்றாள் அம்மா, கையிலிருந்த தாளைக் கீழே வைக்காமலே.

மகள் கட்டிலருகே வந்து குனிந்தாள். வாயில் சொருகிய குழாயோடு அப்பா கிடந்தார். மெஷின் ஊத ஊத நெஞ்சு ஏறி இறங்கியது. மற்றபடி அசைவே இல்லை. மூளையில் இனி ஒன்றும் மிச்சமில்லை என்று காலையில் டாக்டர் தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாயங்காலத்துக்குள் குழாயை எடுத்துவிடலாம் என்றதற்குத் தம்பி தலையாட்டிவிட்டான். அம்மா ஆட்டவில்லை. "காது கேக்குற மனுஷனை உயிரோட அனுப்பச் சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

அப்பா ஒரு அச்சகத்தில் ஆங்கிலப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவர். பாதி வேலை வீட்டில்தான் நடக்கும். மூலப் பிரதியை அம்மா உரக்கப் படிப்பாள், அவர் அச்சுத் தாளில் கண்ணை ஓட்டுவார். நிறுத்தற்குறி வரும் இடத்தில் அம்மா நிறுத்துவாள். தன் தாளிலும் அது இருக்கிறதா என்று பார்த்து அவர் மேசையில் விரலால் தட்டுவார். கமாவுக்கு ஒரு தட்டு, செமிகோலனுக்கு இரண்டு. தட்டு விழுந்தால்தான் அவள் மேலே படிப்பாள். பிள்ளைகள் இருவரும் தூங்கி வளர்ந்ததே அந்தச் சத்தத்தில்தான்.

செமிகோலன் என்றால் மனுஷனுக்கு உயிர். "ரெண்டு பக்கமும் முழு வாக்கியமா தன் கால்ல நிக்கணும். ரெண்டுக்கும் ஒட்டுறவும் இருக்கணும். அப்பத்தான் நடுவுல இதை வைக்கலாம். ஒரு பக்கம் நொண்டினா கமாவைப் போட்டுத் தொலை" என்பார். மகளின் காதல் கடிதம் பிடிபட்டபோதுகூட, அதில் தப்பாக வைத்திருந்த செமிகோலனைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுத்தான் கத்தவே ஆரம்பித்தார்.

"நீ போய் ஒரு வாய் காபி குடிச்சிட்டு வாம்மா. நான் படிக்கிறேன்."

அம்மா அரை மனதாகத் தாளை நீட்டினாள். "வேகமாப் படிக்காத. அவருக்குப் பிடிக்காது."

அப்பா பாதியில் விட்டிருந்த ஏதோ சட்டப் புத்தகம். சரக்கு துறைமுகம் வந்து சேர்ந்தது என்று ஒரு வாக்கியம், வாங்கியவர் வரவில்லை என்று அடுத்தது, நடுவில் செமிகோலன். மகள் அங்கே நிறுத்தி அப்பாவின் விரலைப் பார்த்தாள். அது மட்டும் அசையட்டும், தம்பியோ டாக்டரோ யாராக இருந்தாலும் ஒரு கை பார்த்துவிடுவது என்றிருந்தாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். குரல் உடைந்து, கெஞ்சுவது போலப் படித்தாள். விரல் விரிப்பின்மேல் கிடந்தபடியே கிடந்தது.

அம்மா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து தாளை வாங்கிக்கொண்டாள். அதே வாக்கியத்தைப் படித்து நிறுத்தினாள். டக், டக் என்று கட்டில் கம்பியில் சத்தம் கேட்டது.

"கேட்டுச்சா?"

அப்பாவின் கைக்கு அடியில் அம்மாவின் இடது கை இருந்தது. அவள் விரல்தான் அவர் விரலைத் தூக்கித் தூக்கிக் கம்பியில் போட்டது. அவள் அதை மறைக்கக்கூட இல்லை. தன் கை செய்வது அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. கேட்டது என்று சொல்லிவிட்டால் அம்மாவுக்கு இன்னும் ஒரு நாள் கிடைக்கும். அப்பாவுக்கும் இந்தக் குழாயோடு இன்னும் ஒரு நாள்.

"அம்மா, அது உன் கை."

அம்மா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்லக் கையை உருவிக்கொண்டாள். அப்பாவின் கை சரிந்து விரிப்பில் விழுந்தது.

"வரச் சொல்லு அவங்களை" என்றாள்.

குழாயை எடுத்த பிறகு மூச்சு அடங்க அதிக நேரம் ஆகவில்லை. தம்பி அப்பாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார். நர்ஸ் துணியும் தண்ணீருமாக வந்தவள், அம்மாவைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அம்மா மறுபடி தாளை எடுத்திருந்தாள்.

"பக்கம் பாதியில நிக்குது" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

வேகமில்லாமல், தெளிவாகப் படித்தாள். சரக்கு துறைமுகம் வந்து சேர்ந்தது. நிறுத்தினாள். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள். தம்பி விசும்பலை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

மகள் கட்டில் கம்பியில் விரலால் இரண்டு முறை தட்டினாள்.

அம்மா மேலே படித்தாள்.