முதுகுக்குப் பின்னால் கேட்ட கேள்வி

தொழிற்சாலைக் கேன்டீனை ஒட்டிய சின்ன அறைதான் தேர்வுக்கூடம். ஒரு ஸ்பீக்கர், எதிரெதிரே இரண்டு நாற்காலி, நடுவில் எத்தனை துடைத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு போகாத மேஜை. பிரஸ் ஷாப் ஆட்களுக்கு ஆங்கிலம் காதில் வாங்கினால் புரிகிறதா, வாயைத் திறந்தால் வருகிறதா என்று ஒவ்வொருவராகச் சோதித்து மதிப்பெண் போடப் பயிற்சி மையம் ஆங்கில டீச்சரான அவளை அனுப்பியிருந்தது.

பிரஸ் ஷாப் என்றால் இரும்புத் தகட்டை வைத்து மேலிருந்து ஒரு மலையை இறக்குவது. நாள் முழுக்க இடி. புதிதாக வரப்போகும் லைனில் ஆட்கள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, ஹெட்ஃபோனில் வரும் ஆங்கில உத்தரவைக் கேட்டுப் பொத்தானைத் தட்டினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். தேறியவன் கண்ணாடி அறைக்கு. தேறாதவன் பழைய மெஷினிலேயே கிடக்க வேண்டியது. அப்படித்தான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தவனை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. உட்காரச் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மை மெஷின் வெரி குட், டீச்சர். நோ டீ, நோ டிஃபன். ஒன்லி ஃபிங்கர் ஈட்டிங்." இடது கையைத் தூக்கிக் காட்டினான். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு முண்டு. "ஒன் ஃபிங்கர் ஈட்டிங். நவ், டயட்."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சிரித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஷிப்ட் சங்கு ஊதியது. கூரைமேலேயே வைத்திருப்பார்கள் போல. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ரேடியோ நிறுத்தவே இல்லை. மனைவி, மகள், பஸ், மழை என்று பேசிக்கொண்டே போனான். பழகிப்போச்சு போல என்று நினைத்துக்கொண்டாள். இலக்கணம் கைகால் உடைந்து கிடந்தது. ஆனால் பேச்சு எங்கேயும் தடுக்கி விழவில்லை. கூச்சம் இல்லாத நாக்கு. பேச்சுக்குத் தாராளமாகப் போட்டாள்.

அடுத்து கேட்டல். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கடைக்கு வழி சொன்னது. ரேடியோ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கேள்வி வந்தபோது அதே தலையாட்டல்தான் பதிலாக வந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் தலையாட்டல். ஒன்றுகூடத் தேறவில்லை.

இப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறாள். ஆள் பேசினால் புரியும், பெட்டி பேசினால் பதறிவிடுவார்கள். அதே பத்தியை அவளே வாசித்தாள். டக் டக்கென்று பதில் வந்தது. எல்லாம் சரி.

"பெட்டியில நீங்க சொன்னா மாதிரி இல்ல டீச்சர். அந்தம்மா வாய்க்குள்ளயே பேசுது" என்றான்.

ஸ்பீக்கரில்தான் கோளாறோ என்று ஒயரைச் சரிபார்க்கச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். பிளக்கை அழுத்திக்கொண்டே, சும்மாதான், ஆங்கிலத்தில் கேட்டாள். கடை எந்தப் பக்கம்?

பதில் இல்லை.

"அண்ணே, கடை எந்தப் பக்கம்னு கேட்டேன்."

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தாள். மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு, அதே சிரிப்போடு, அவள் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு, சாதாரணக் குரலில் சொன்னாள்.

"அண்ணே, உங்க சட்டையில தீப்பிடிச்சிருக்கு."

மெதுவாகத் திரும்பினாள். ரேடியோ தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

எதிரே வந்து உட்கார்ந்தாள். சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தாள். அவன் கண் அவள் வாயிலேயே இருந்தது. இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது. இப்போதுதான் அவளுக்கு அது தெரிகிறது.

"எப்பல இருந்துண்ணே?"

சிரிப்பு போய்விட்டது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"எனக்கே தெரியல டீச்சர். ஒரு நாள் மெஷின் சத்தம் கம்மியா இருந்துச்சு. சரி, எவனோ நல்லா எண்ணெய் போட்டிருக்கான் போலன்னு சந்தோஷப்பட்டேன். அப்புறம் பாத்தா பஸ்ஸுல, வீட்டுல எல்லா எடத்துலயும் எண்ணெய் போட்டிருக்கான்."

"வீட்டுல தெரியுமா?"

"நான் அவ பேச்சைக் கேக்கறதே இல்லன்னு கல்யாணமான நாள்ல இருந்து திட்டிட்டிருக்கா. அதுல இதுவும் கலந்துபோச்சு. எம்பொண்ணு எதிர்ல உக்காந்து இங்கிலீஷ் சொல்லிக் குடுப்பா. அவ உதட்டைப் பாத்துப் பாத்துதான் படிச்சேன்."

"இங்க? கூட வேலை செய்யறவங்களுக்கு?"

"ஒருத்தனுக்கும் தெரியாது. பேசிட்டே இருந்தா எவனும் கேள்வி கேக்க மாட்டான், அதான் டெக்னிக்." குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு கத்தினான். "டீச்சர், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இங்கிலீஷ் வரலன்னு போட்டுருங்க. ஃபெயில் ஆக்கிருங்க. மெஷினோட கெடந்துட்டுப் போறேன். காது போச்சுன்னு மட்டும் எழுதிடாதீங்க. செவிட்டுப் பயலை மெஷின் கிட்ட விட மாட்டாங்க. கேட்டுக்கு வெளிய தள்ளிருவாங்க."

வெளியே போகும்போது திரும்பி அவள் வாயைப் பார்த்தான், ஏதாவது சொல்கிறாளா என்று.

அடுத்தவன் ரேடியோவின் மனைவியுடைய தம்பி. உயரம் கம்மி, அதனால் நட்டு என்று பேர். "எங்க மாமா பேசியே பாஸ் வாங்கியிருப்பாரே டீச்சர்!" என்று கத்திக்கொண்டே வந்தான். பேச்சுச் சோதனை முடிந்ததும் அவள் பேனாவைக் கீழே தவறவிட்டாள். குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து கேட்டாள்.

"தம்பி, உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

பேனாவைத் தேடி எடுக்கிற நேரத்துக்கு மேலேயே கீழே இருந்தாள். தலையைத் தூக்கியபோது நட்டு சுவரில் ஓடும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கு அடுத்தவன், முன் பல் போனவன். அவனுக்கும் பேனா விழுந்தது. அதற்கும் அடுத்து ஒரு பெரியவர், ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவர். அவருக்கு முன்னால் பேனாவைக் கையில் எடுக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. விழுந்தது. அவரும் சும்மா இருந்தார்.

கதவிடுக்கு வழியாகக் கேன்டீனைப் பார்த்தாள். தேர்வு முடித்தவர்கள் ஒரே மேஜையைச் சுற்றி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ ஏதோ சொன்னான். எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த மேஜையில் ஒருத்தனுக்காவது அந்த நகைச்சுவை காதில் விழுந்திருக்குமா?

நேரே மனிதவள அதிகாரியின் அறைக்குப் போனாள். குளிர்சாதன அறை. இடி அங்கே மெல்லிய அதிர்வாக மட்டும் வந்தது. மூச்சுவாங்கச் சொல்லி முடித்தாள். அவர் எழுந்து ஓடுவார், டாக்டரைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தாள்.

அவர் தண்ணீர் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பதினஞ்சு வருஷம் பிரஸ் ஷாப்ல நின்னவனுக்குக் காது வேற எப்படி மேடம் இருக்கும்?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சதாலதானே உங்களக் கூப்பிட்டோம்." குரலில் கோபம் இல்லை, கணக்கு வாத்தியார் போலப் பொறுமையாகச் சொன்னார். "புது லைன் வந்தா பழைய மெஷின் எல்லாம் பழைய இரும்புக்கடைக்குப் போகுது. தேறாதவங்களுக்கு இங்க வேலை இல்ல. காது போச்சுன்னு அனுப்பினா நஷ்டஈடு எங்க தலையில விடியும். இங்கிலீஷ் வரலன்னு அனுப்பினா அது அவங்க தலையெழுத்து. நீங்க காதைப் பாக்க வேண்டாம். இங்கிலீஷை மட்டும் பாருங்க. அதுக்குத்தான் வந்திருக்கீங்க."

அவள் கிளாஸைத் திருப்பி நகர்த்தினாள். ரேடியோ கும்பிட்டது ஞாபகம் வந்தது. இங்கிலீஷ் வரலன்னு போட்டுருங்க. இவர் கேட்பதும் அதேதான். அவன் காப்பாற்றச் சொல்லிக் கேட்டதும், இவர் வெட்டக் கேட்கிற கத்தியும் ஒன்றே.

கேன்டீனுக்குத் திரும்பி ரேடியோவை அறைக்குள் இழுத்து எதிரே உட்காரவைத்து, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னாள். பழைய மெஷினே இருக்கப்போவதில்லை. காது போனதால் அனுப்பினால் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும், அதனால்தான் இந்த இங்கிலீஷ் சோதனை. ஃபெயில் என்று போட்டால் வெளியேதான். எல்லோரும்.

"எல்லாருமா? ஏன் எல்லாரும்? நான் ஒருத்தன்தானே டீச்சர் செவிடு?"

அவள் கதவிடுக்கு வழியாக நட்டுவைக் கைகாட்டினாள்.

"நட்டுக்கெல்லாம் நல்லா கேக்கும். நான் சொல்ற ஜோக்குக்கு முதல்ல சிரிக்கிறதே அவன்தான்."

"போய் அவரைப் பின்னாடி இருந்து கூப்பிட்டுப் பாருங்கண்ணே."

ரேடியோ அவளையே பார்த்தான். பிறகு எழுந்து போனான். நட்டுவின் முதுகுக்குப் பின்னால் நின்றான். முதலில் சாதாரணமாகக் கூப்பிட்டான். அப்புறம் சத்தமாக. அப்புறம் கழுத்து நரம்பு புடைக்க, கூரைத் தகரம் அதிர, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"டேய் நட்டூ!"

சமையல்கட்டிலிருந்து இரண்டு பெண்கள் கரண்டியோடு ஓடிவந்தார்கள். பாத்திரம் கழுவுகிறவர் ஈரக்கையோடு வந்தார். மேஜையில் இருந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடிவந்த பெண்களின் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நட்டு கடைசியாகத் திரும்பினான்.

"என்ன மாமா?"

ரேடியோ அவன் தோளில் கையை வைத்தான்.

"உனக்குமாடா?"

நட்டு அவன் உதட்டைப் பார்த்தான். புரிந்துகொண்டான். மெதுவாகப் பக்கத்தில் இருந்த பெரியவரைப் பார்த்தான். பெரியவர் பல் போனவனைப் பார்த்தார். ஒருவன் கையிலிருந்த கிளாஸ் சாய்ந்து டீ மேஜையில் ஓடியது, யாரும் துடைக்கவில்லை.

சத்தம் கேட்டு அதிகாரி வேகமாக வந்தார்.

"என்னய்யா இங்க கூச்சல்?"

ரேடியோ அவர் வாயைப் பார்த்தான். பிறகு அவளிடம் சொன்னான். "டீச்சர், எனக்குக் காது கேக்கலன்னு எழுதுங்க. முதல் ஆளா எழுதுங்க." அதிகாரி ஏதோ சொல்ல வருவதற்குள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். நட்டு எழுந்து அவன் பக்கத்தில் நின்றான். பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்புறம் மேஜை முழுவதும். சட்டைகளில் எண்ணெய்க் கறை படிந்த முதுகுகள் ஒரு வரிசையாக அதிகாரிக்கு முன்னால் நின்றன.

"இப்பக் கேளுங்க சார்" என்று ரேடியோ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இங்கிலீஷ் வேணாம். நம்ம பாஷையிலயே கேளுங்க."

அதிகாரி அவளைப் பார்த்தார். அவள் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்திருந்தாள்.

"எல்லாரும் வேலைக்குப் போங்க" என்றார்.

யாரும் அசையவில்லை.

"போங்கன்னு சொல்றேன்ல!"

கரண்டியோடு நின்ற பெண்கள் திடுக்கிட்டு ஓர் அடி பின்னால் போனார்கள். முதுகுகள் அப்படியே இருந்தன. அடுத்த சங்கு ஊதியது. அப்போதும் அப்படியே இருந்தன.