அசனத்துக்கு ஒரு தலைவர்

தாராவி மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாள் அசனம். சந்து மொத்தமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். அந்தச் சாப்பாட்டை வருஷக்கணக்காக இழுத்துப் போட்டுச் செய்தவள் ஜாக்குலின். மார்க்கெட்டுக்கு அலைவது, சிலிண்டருக்குச் சண்டை போடுவது, சமையல்காரரைப் பிடித்து வைப்பது எல்லாம் அவள். அசனக் கமிட்டித் தலைவர் என்ற பேர் மட்டும் சூசைமாணிக்கத்துக்கு. இந்த வருஷம் அவர் விலகியதும் அந்தப் பதவி தனக்குத்தான் என்று நம்பினாள். நம்பாமல் எப்படி இருப்பாள்?

புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் சூசைமாணிக்கம் தொண்டையைச் செருமினார். "ஜாக்குலின் நல்ல பிள்ளதான். ஆனா கொஞ்சம் பாஸி. நம்ம கடைக்கார சாஜனே தலைவரா இருக்கட்டும்."

ஜாக்குலினுக்குக் காது சூடானது. பாஸி! செம்பூர் ஆபீஸிலும் இதே சொல்லைத்தான் அவள் மேல் எறிந்தார்கள். தேவையில்லாமல் எல்லாரையும் ஏவி அதிகாரம் பண்ணுகிற ஆள் என்று அர்த்தம். அகராதி அதை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகத்தான் வைத்திருக்கிறது. ஊர் வாய்தான் அதற்குச் சேலை கட்டிவிட்டது.

"எதுல மாமா நான் பாஸி?"

"போன வருஷம் என்னையவே வெயில்ல தண்ணி டேங்கருக்கு நிக்கச் சொன்னியே."

"நிக்காட்டி தண்ணி பக்கத்துச் சந்துக்குப் போயிருக்கும். சோறு குழஞ்சிட்டுன்னு சாஜன் அண்ணன் சமையல்காரர் மேல கரண்டிய எறிஞ்சாகளே, அதுக்கு என்ன பேரு?"

"அது கண்டிப்பு" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

கண்டிப்பாம்! அவள் எழுந்து நின்றாள். அம்மா லூசியம்மாள் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "உக்காருட்டி. இதத்தான் அவுக சொல்லுதாக." பெற்றவளுமா இப்படி!

கைகள் உயர்ந்தன. சாஜன் தலைவரானார். போட்ட மாலையைக் கழற்றாமலே பேசினார். "எனக்குக் கடை இருக்கு, நேரம் கெடயாது. பேருக்கு நான் இருந்துக்கிடுதேன். வேலையெல்லாம் வழக்கம்போல ஜாக்குலினே பாத்துக்கிடட்டும்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவர் முகத்திலும் வெட்கமில்லை.

ஜாக்குலின் மறுபடி எழுந்தாள். "பாத்துக்கிடுதேன் அண்ணே. வேலை நடக்கணும்னா நாலு பேர ஏவணும்லா? மொத ஏவல் உங்களுக்குத்தான். அசனத்தன்னைக்கு விடியுமுன்ன வெங்காயம் உரிக்க வந்திருங்க."

பின்வரிசைப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சாஜனுக்கு முகம் கறுத்தது. "வரலேன்னா?"

"நானும் வரமாட்டேன், அசனம் நடக்காது. பசியோட வாற சனத்துக்கிட்ட, தலைவர் நீங்களே சொல்லிக்கிடுங்க."