பாய் கடை அலமாரி

துறைமுகத்தில் எட்டாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றிவிட்டதாக மத்தியானமே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். உடனே போனில் பால் பவுடரும் மெழுகுவர்த்தியும் ஆர்டர் போட்டேன். உங்கள் பகுதிக்கு இப்போது டெலிவரி இல்லை என்று வந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. கைக்குழந்தையை என் வீட்டுக்காரர் டோனியிடம் கொடுத்துவிட்டு, தெருமுனையில் இருக்கும் சைபுல்லா பாய் கடைக்கு நனைந்துகொண்டே ஓடினேன். தானே புயலிலேயே பாதி ஷட்டரைத் தூக்கிவைத்து வியாபாரம் பண்ணிய மனுஷன்.

இன்றும் ஷட்டர் பாதி திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனேன். அலமாரி முழுக்க அட்டைப் பெட்டிகள்.

"மெழுகுவர்த்தி குடுங்க பாய். பால் பவுடர் ஒரு டப்பா."

"ரெண்டும் இல்லம்மா. யாரும் வாங்காம எக்ஸ்பைரி ஆயிடுது. எடுக்கறதையே நிறுத்திட்டேன்."

"புயல் வருதுன்னு தெரியும்ல? என்ன கடை நடத்துறீங்க?" என்று கத்தினேன்.

பாய் கோபப்படவில்லை. "கடை எங்கம்மா நடத்துறேன்? இந்தத் தெரு பார்சலை எல்லாம் வாங்கி வைக்கிறேன். உங்களுதும் ஒண்ணு இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

பெட்டியை முந்தானையில் மூடிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கரண்ட் போயிருந்தது. குழந்தை வீல் வீலென்று அலறியது. காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருந்தது.

"பால் பவுடரா?" என்று டோனி போன் லைட்டைப் பிடித்தார்.

பிரித்தேன். போன வாரம் பாதி விலை என்று போனில் நான் ஆர்டர் போட்ட கிறிஸ்துமஸ் ஸ்டார். பதினாறு கலரில் எரியும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் சார்ஜ் தீர்ந்து அவர் போனும் அணைந்தது.