மஞ்சள் × புள்ளி

1

பஸ் நின்றுபோனதால் வந்த கதை இது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில், உத்தனப்பள்ளி தாண்டியதும் வண்டியில் ஏதோ பெல்ட் அறுந்தது. அடுத்த பஸ் வரும்வரை போனில் ஒரு கட்டுரை படித்தேன். இலைக்குப் பச்சை நிறம் தருவது பசுங்கணிகம் என்ற நுண்ணுறுப்பு. அதற்கென்று தனியாக மரபணுக்கள் உண்டு; அவை பழுதானால் இலையில் வெள்ளை விழும். பெரும்பாலான பூச்செடிகளில் அது தாய்ச்செடியிலிருந்துதான் விதைக்குப் போகிறது; மகரந்தம் கொடுத்த தந்தைக்கு அதில் பங்கு கிடையாது. அந்திமந்தாரையை உதாரணம் காட்டியிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் எதிரே பிளாஸ்டிக் கூரை போட்டு உள்ளே செடி வளர்க்கும் ஒரு பாலிஹவுஸ்.

(உள்ளே போகவில்லை. கேட் பூட்டியிருந்தது. இனி வருவதெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று எழுதியது.)

முதல் தொடக்கம்: "சூளகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்த" – விட்டுவிட்டேன். சூளகிரி அங்கிருந்து கிழக்குப் பக்கம்.

இரண்டாவது: "சென்னம்மாளின் விரல்கள் பூக்களோடு பேசும்" – பேசாது.

2

சென்னம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயது. பாலிஹவுஸில் கலப்பு வேலை; ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் சேர்ப்பது. விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி பஸ்கள் அவள் வயதுக்கு நிற்பதில்லை. நடந்து போகும் தூரத்தில் அவளுக்கு இருக்கும் வேலை இது ஒன்றுதான்.

முதலாளி ஹரீஷ்குமார் இரண்டு அந்திமந்தாரைச் செடிகளைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒன்று மஞ்சள் பூ, முழுப்பச்சை இலை. மற்றது இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி. மஞ்சள் பூவும் புள்ளி இலையும் ஒரே செடியில் வேண்டும் என்று பெங்களூரில் தோட்டம் அமைக்கும் ஒருவர் கேட்டிருந்தார். ஹரீஷ்குமார் அவரைப் பார்க்கப் போயிருந்த நாளில், எதை எதோடு கலப்பது என்று சொல்லும் அட்டையில் 'மஞ்சள் × புள்ளி' என்று எழுதியிருந்தது.

பூ விரியும் முன்பே மொட்டைப் பிரித்து மகரந்தத் தாள்களைக் கிள்ளி எடுக்க வேண்டும். சென்னம்மாள் இடுக்கியோடு மஞ்சள் செடிமுன் குனிந்திருந்தாள்.

"ஏக்கா, மாப்ள வீட்டுக்காரங்க வந்தாச்சா?" என்றாள் தமிழ்செல்வி. சிவகாசிப் பக்கத்துக்காரி, பக்கத்து வரிசையில் வேலை.

"மாப்பிள்ளை இன்னும் தூங்கறாரு. சாயந்தரம்தான் எந்திரிப்பாரு. சும்மனிரு, கை ஆடுது."

சாயந்தரம் புள்ளிச் செடியின் பூ விரிந்தது. அதன் மகரந்தத்தை மஞ்சள் பூவில் தடவி, காம்பில் சிவப்பு நூல் கட்டினாள். ஒரு பூவுக்கு ஒரே விதை, மிளகு போல.

3

"நாற்றுகளின் இலைகளில் வெள்ளைப் புள்ளிகள். ஹரீஷ்குமார் எல்லோருக்கும் மைசூர்பாக் வாங்கி வந்து"

இந்த இடத்தில் சுஜாதாவுக்குப் போன் செய்தேன். கிருஷ்ணகிரியில் தாவரவியல் பாடம் நடத்துகிறவர், பழைய சிநேகிதி. இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"புள்ளி வராதே," என்றார். "எல்லாம் பச்சையாத்தான் முளைக்கும்."

"புள்ளிச் செடியையும் சேர்த்துத்தானே கலந்தாங்க?"

"மகரந்தமா சேர்ந்தா பிரயோஜனமில்ல. புள்ளிதான் தாயா இருக்கணும். அட்டையில யாரை முதல்ல எழுதின?"

"மஞ்சளை."

"கலப்பு அட்டையில முதல்ல எழுதறது தாய். அப்பா பேரை முதல்ல போட இது என்ன கல்யாணப் பத்திரிகையா?"

மைசூர்பாக்கை எடுத்துவிட்டேன்.

4 (மூன்றுக்குப் பதிலாக)

நாற்றங்கால் முழுக்கப் பச்சை.

"இது எல்லார் வீட்டு வேலியிலயும் இருக்கு, சென்னம்மா," என்றார் ஹரீஷ்குமார். "பெங்களூர்க்காரருக்கு நான் எதைக் காட்டறது?"

"அட்டையில இருந்தபடிதான் சார் பண்ணேன்."

"அட்டைய யார் எழுதினது?"

சென்னம்மாள் தமிழ்செல்வியைப் பார்த்தாள். தமிழ்செல்வி கூரையைப் பார்த்தாள்.

கதையும் இங்கே நின்றுவிட்டது. அட்டை எழுத நான் ஆளே வைக்கவில்லை. 'எழுதியிருந்தது' என்று போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன். பத்திரிகையில் இருந்தபோது வந்த பழக்கம். யாரென்று தெரியாவிட்டால் 'கூறப்படுகிறது' என்று முடித்துவிடலாம். ஹரீஷ்குமாரிடம் அது செல்லவில்லை.

"நீதான் எழுதியிருப்ப."

"நான் படிச்சது கன்னடம் சார். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுத வராது. இவ்ளோ அழகா நான் எங்க எழுத?"

"அழகா இருந்தா புள்ளி வந்துடுமா? நாளைக்கு வர வேணாம்."

5

மூன்று வழிகள் யோசித்தேன்.

ஒன்று, அட்டையை எழுத ஓர் ஆளை உண்டாக்குவது. "சூப்பர்வைசர் ராஜ்குமார் மத்தூர்க்காரர், போன மாதம்தான் கல்யாணமாகி" என்று எழுதியதும் நிறுத்தினேன். வேலை போவதற்கென்றே ஒருவரைப் பிறப்பித்து, போன மாதம் கல்யாணமும் செய்து வைத்திருக்கிறேன். அவரைக் கேட்டுக்கு வெளியே என்னோடு நிற்கச் சொன்னேன்.

இரண்டாவது, இரண்டாம் பகுதிக்குப் போய் அட்டையை 'புள்ளி × மஞ்சள்' என்று திருத்துவது. அப்போது நாற்றில் பச்சையும் வரும், புள்ளியும் வரும், முழு வெள்ளையும் வரும்.* சென்னம்மாள் அடுத்த நாளும் வேலைக்குப் போவாள். யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதை எந்த ஆசிரியரும் கதையென்று ஒப்புக்கொள்ள மாட்டார். பஸ் நின்ற நேரமும் எனக்கு வீண்.

* முழு வெள்ளை நாற்றால் உணவு செய்துகொள்ள முடியாது. விதையில் தாய் வைத்துவிட்ட இருப்பு தீரும்வரை நிற்கும், அப்புறம் சாயும். அவற்றைப் பிடுங்குவதும் சென்னம்மாள் வேலைதான்.

மூன்றாவது, எழுதியது எழுதியபடி இருக்கட்டும் என்று விடுவது. கதைக்கு நல்லது என்று எனக்கே தோன்றியது. எழுதிப் பார்த்தேன். மதியம், டிபன் பையோடு சென்னம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வருகிறாள். ராஜ்குமார் நகர்ந்து வழி விடுகிறார். பேசாமல் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"நீங்கதானா அந்த அட்டை?"

ஆமாம் என்றேன்.

"எழுதறதெல்லாம் கேட்டுக்கு வெளிய நின்னு எழுதறீங்க. வேலை மட்டும் உள்ள இருக்கறவளுக்குப் போவுது. இன்னாத்துக்கு சார்?"

பதில் ஒன்று எழுதினேன். "கதை என்பது" என்று தொடங்கியது. அடித்துவிட்டேன்.

6

அவள் வீட்டுக்குப் போகவில்லை. பழைய நாற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே இரண்டு செடிகள்முன் மறுபடி உட்கார்ந்திருக்கிறாள், இரண்டாம் பகுதியில், இடுக்கியோடு. அட்டை வெறுமையாக இருக்கிறது. நான் இனி அதைத் தொடப்போவதில்லை. என் கையெழுத்து அவளுக்குத் தெரிந்துவிட்டது.

படிக்கிற நீங்கள் எழுதுங்கள், பென்சிலால். உள்ளே அடிக்கும் ஈரத்தில் மை கரைந்துவிடும். தாய் முதலில். என்னைப்போல் மஞ்சளை முதலில் போட்டு, இதை ஒரு கதையாகவே வைத்துக்கொள்ளவும் உங்களுக்கு வழி இருக்கிறது. எப்படியானாலும் எழுத்து தெளிவாக இருக்கட்டும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மொட்டு விரிவதற்குள் முடியுங்கள்.

கடைசி வரியையும் விடாமல் நிரப்புங்கள். ஹரீஷ்குமார் கேட்பார்.

____________ × ____________

எழுதியவர்: ____________